தையலுக்கு விட்ட அரை இஞ்ச்

அந்தச் சீருடைத் தொழிற்சாலையில் யாருக்கும் சொந்தப் பெயர் செல்லாது. வருகைப் பதிவேட்டில் எல்லோருக்கும் பெயர் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டால் எதைத் தைக்கிறாளோ அதுதான் பெயர். காலர் தைப்பவள் காலர். ஜிப் வைப்பவள் ஜிப். பட்டன் துளை போடுகிறவள் பட்டன். பாக்கெட் தைக்கிற இரண்டு பேரில் ஒருத்தி பெரிய பாக்கெட், இன்னொருத்தி சின்ன பாக்கெட். சின்ன பாக்கெட்டுக்குத்தான் உடம்பு பெரிது, அது வேறு கதை.

காலர் பதினோரு வருடமாகக் காலர். கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். அவளுக்கு வேலையில் ஒரு குறையும் கிடையாது, ஒன்றே ஒன்றைத் தவிர. மெஷின் நின்றுபோனால் தொழிற்சாலை விதிப்படி கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பத்தெட்டு வயதில், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு! மெக்கானிக் டீயைக் குடித்து முடித்து, கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, இடுப்புச் சாவிக்கொத்து குலுங்க ஆடி அசைந்து வருவார். அதற்குள் அவள் மேஜையில் துணி மலையாகக் குவிந்து, சூப்பர்வைசர் வந்து கத்திவிட்டும் போயிருப்பார்.

வந்தவர் மெஷினின் மூடியைக் கழற்றும்போது முதுகைத் திருப்பிக்கொள்வார். அதுதான் காலருக்கு ஆகாது. அகலமான முதுகு. அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அவர் சட்டையின் பின்பக்கத் தையல் அவளுக்கு மனப்பாடம். அதுவும் கோணல் தையல். ஒருநாள் எட்டிப் பார்க்கப் போனாள்.

"தள்ளிப் போம்மா. கரண்ட் சமாச்சாரம். உனக்குப் புரியாது" என்றார்.

உதவி மெக்கானிக் தேவை என்று அறிவிப்புப் பலகையில் காகிதம் ஒட்டியபோது, அன்று மதியமே காலர் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள்.

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? காலர் நல்லாத்தானே தைக்கிற?"

"நல்லாத்தான் தைக்கிறேன் சார். மெஷின் நின்னா கையத் தூக்கிட்டு உக்காந்திருக்கேன் பாருங்க, அதுதான் நல்லா இல்ல."

மேனேஜர் சிரித்தார். "இதுக்கெல்லாம் படிச்சிருக்கணும்மா. டெக்னிக்கலா ஏதாவது சர்டிபிகேட் கொண்டா. பாக்கலாம்."

'பாக்கலாம்' என்பது அவர் வாயில் 'போய் வா' என்பதற்கு மரியாதையான சொல். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அது தெரியும், காலருக்கும் தெரியும். இருந்தாலும் அவள் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டாள். வேண்டுமென்றேதான்.

ஊர் நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் ஒரு வகுப்பு தொடங்கியிருந்தது. ரோபோ செய்யப் பழகுவோம், தொடக்கநிலை, எட்டு வாரம், கடைசியில் தேர்வு, தேறினால் சான்றிதழ். மூன்று பேர் சேர்ந்து ஒரு குழுவாக வர வேண்டும். ஒவ்வொரு குழுவும் மனிதர்களோடு நட்பாகப் பழகும் துணை ரோபோ ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். காலர் ஆள் பிடிக்கக் கிளம்பினாள்.

"ரோபோவா?" என்றாள் ஜிப். வரிசையிலேயே இளையவள், வாய் மட்டும் எல்லோருக்கும் மூத்தது. "அக்கா, எனக்கு மிக்ஸி மூடியே ஒழுங்கா மாட்ட வராது." ஆனாலும் வந்தாள். சனிக்கிழமை வீட்டில் இருந்தால் மொத்த அழுக்குத் துணியும் அவள் தலையில்தான் விழும். மூன்றாவது ஆள் பட்டன். காலருக்கு நாத்தனார், கணவனின் தங்கை. அவளுக்கு ரோபோவும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். அண்ணி தனியாகப் போய் குடும்ப மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்று கூடவே வந்தாள்.

வகுப்பு நடத்தியவர் சின்ன வயதுதான். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும், அதையே தேடிக்கொண்டும் இருப்பார். எல்லோரும் அவரை சார் என்றார்கள். மற்ற இரண்டு குழுக்களில் ஒன்று கல்லூரி மாணவர்கள், இன்னொன்று வங்கியில் வேலை பார்க்கிற மூன்று ஆண்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு முழ உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கைக்கும் கழுத்துக்குமாக மூன்று சிறிய மோட்டார்கள், ஒரு சர்க்யூட் அட்டை, ஒரு ஸ்பீக்கர், தொட்டால் உணர்கிற ஒரு வில்லை, ஒரு கொத்து வயர். உடம்பை மட்டும் அவர்களே வரைபடத்தைப் பார்த்து மெல்லிய பிளைவுட்டில் வெட்டிக்கொள்ள வேண்டும்.

முதல் மூன்று வாரமும் நன்றாகவே போயிற்று. எந்த வயர் எங்கே போகிறது என்பது மூவருக்கும் ஒரே நாளில் பிடிபட்டது. வெள்ளை நூலிலேயே ஏழு வெள்ளை பார்க்கிறவர்களுக்குச் சிவப்பும் கறுப்பும் ஒரு பொருட்டா? தொட்டால் எந்த மோட்டார் ஓட வேண்டும் என்று கணினியில் கட்டம் கட்டமாகக் கோப்பதை ஜிப் பிடித்துக்கொண்டாள். மிக்ஸி மூடி மாட்ட வராதவள் அதை விளையாட்டாகச் செய்தாள்.

தகராறு வந்தது ரோபோ என்ன பேசுவது என்பதில்தான். நண்பன் பேசுகிற மாதிரி ஏதாவது பேச வேண்டும் என்றார் சார். வங்கிக்காரர்கள் தங்கள் ரோபோவுக்கு 'வணக்கம், நான் உங்கள் நண்பன்' என்று பதிவு செய்துவிட்டார்கள்.

"எந்த நண்பனாவது வந்து நான் உன் நண்பன்னு சொல்லுவானா? ஏமாத்த வர்றவன்தான் சொல்லுவான்" என்றாள் ஜிப், அவர்கள் காதில் விழும்படியே.

"அப்ப நம்மது என்ன சொல்லும்?" என்றாள் காலர்.

அதுவரை வாயே திறக்காத பட்டன், வயரைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். "கை வலிக்குதான்னு கேக்கட்டும் அண்ணி."

மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு நாளைக்கு ஆயிரம் துளை போடுகிற கை அது. மணிக்கட்டில் எப்போதும் ஒரு துணிக்கட்டு இருக்கும்.

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல" என்றாள் பட்டன். "இதாவது கேக்கட்டும்."

அவள் குரலிலேயே பதிவு செய்தார்கள். கையைப் பிடித்தால் ரோபோ தன் இன்னொரு கையைத் தூக்கிக்கொண்டு கேட்கும்: 'கை வலிக்குதா? கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு.' பதினான்கு தடவை பதிவு செய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் ஜிப் சிரித்துத் தொலைத்தாள்.

நான்காவது வாரம் பலகை வெட்டும் நாள். பட்டன் அளந்து கோடு போட்டாள். ஜிப் சரி பார்த்தாள். காலர் ரம்பத்தால் அறுத்தாள். மூவர் கையும் சுத்தம், ஓரம் பிசிறில்லாமல் வந்தது. பெருமையாக எலும்புக்கூட்டின் மேல் கொண்டுபோய் வைத்துப் பார்த்தால், அப்பாவின் சட்டையைப் பிள்ளைக்கு மாட்டிவிட்ட மாதிரி தொளதொளவென்று நின்றது.

சார் காதுப் பென்சிலை எடுத்து வரைபடத்தில் வைத்தார், பலகையில் வைத்தார். "என்னம்மா இது? எல்லாப் பக்கமும் அரை இஞ்ச் கூட இருக்கு?"

"தையலுக்கு விட்டது சார்" என்றாள் ஜிப், இது கூடவா தெரியாது என்கிற முகத்தோடு.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. துணியை வெட்டினால் மடித்துத் தைக்க ஓரத்தில் அரை இஞ்ச் விட வேண்டும். மூவருக்கும் அது மூச்சு விடுகிற மாதிரி. பலகையை யாரும் மடித்துத் தைப்பதில்லை என்பது மூன்று பேரில் ஒருத்திக்குக் கூடத் தோன்றவில்லை.

மாடியே அதிரச் சிரித்தார்கள். வங்கிக்காரர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜிப்பும் சேர்ந்து சிரித்தாள். பட்டன் தலையைக் குனிந்துகொண்டாள். காலருக்கு முகம் கொதித்தது.

"பரவால்ல, நடக்கிறதுதான். அந்த அரை இஞ்ச அறுத்து எடுத்துடுங்க. பத்து நிமிஷ வேலை" என்றார் சார். நல்ல மனிதர்தான்.

காலர் ரம்பத்தை எடுத்தாள். எங்கே அறுப்பது என்று குறிப்பதற்காகப் பலகைகளை எலும்புக்கூட்டைச் சுற்றி நிறுத்தச் சொன்னாள். அப்போது பட்டன் கையிலிருந்த ஒரு ஸ்க்ரூ நழுவி உள்ளே விழுந்தது. காலர் கையை விட்டு எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தவள் மறுபடி கையை உள்ளே விட்டாள், இந்த முறை எடுப்பதற்கு ஒன்றும் இல்லாமலே. ஏற்கெனவே இருந்த சந்தோடு அரை இஞ்சும் சேர்ந்ததில், பலகைக்கும் எலும்புக்கூட்டுக்கும் நடுவில் அவள் கை தாராளமாகப் போயிற்று. மோட்டார் வரைக்கும், அட்டை வரைக்கும், ஸ்பீக்கர் வரைக்கும் போயிற்று.

அடுத்த மேஜையில் கல்லூரிப் பையன்கள் அளவெடுத்த மாதிரி வெட்டிய உடம்பைப் பசை போட்டு ஒட்டி முடித்திருந்தார்கள். உள்ளே ஏதோ வயர் கழன்றுவிட்டது போலிருக்கிறது. ஒருவன் நாக்கைத் துருத்திக்கொண்டு கழுத்து ஓட்டை வழியாகக் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தான்.

காலர் ரம்பத்தைக் கீழே வைத்தாள். "அறுக்கல சார்."

"ஏன்?"

"உள்ள கை போகுது."

"ரோபோக்குள்ள எதுக்கும்மா கை போகணும்?"

"நின்னு போனா?"

"நிக்காத மாதிரி செய்யணும்."

"நிக்காத மெஷின நான் இன்னும் பாக்கல சார்."

சார் பென்சிலைக் காதில் செருகினார், திரும்ப எடுத்தார். "இங்க பாருங்க. தேர்வு நடத்த வெளியிலேருந்து ஆள் வராங்க. கையில வரைபடமும் ஸ்கேலும் வச்சிருப்பாங்க. அளவு தப்பா இருந்தா உடம்புக்குன்னு இருக்கிற இருபது மார்க்கும் போயிடும். மத்ததுல கொஞ்சம் சறுக்கினாலும் ஃபெயில். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது."

வகுப்பு முடிந்து படி இறங்கும்போது பட்டன் காலரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "அண்ணி, நமக்கு வேண்டியது சர்டிபிகேட். மேனேஜர் முன்னாடி கொண்டு போய் வைக்கணும், அவ்வளவுதானே? அத அரை இஞ்சுக்காகக் கோட்டை விடுவீங்களா?"

நியாயமான கேள்விதான். காலருக்கும் பயமில்லாமல் இல்லை. இந்தச் சான்றிதழ் தவறினால் அடுத்த பதினோரு வருடமும் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"சர்டிபிகேட் எதுக்கு?" என்றாள். "மெக்கானிக் ஆக. ஆனதும் நானும் மூடிய இறுக்கிட்டு முதுகத் திருப்பிக்கவா? அவங்க சொன்ன அளவுக்கு மூடி வச்சிட்டு, நின்னு போச்சுன்னா எவனாவது வருவான்னு பாத்துட்டு உக்கார நான் அந்த வேலைக்குப் போகல. இது தப்பா வந்ததுதான், ஒத்துக்கிறேன். ஆனா வந்தது வந்துடுச்சு, இனிமே இது என் அளவு."

பட்டன் பிடித்த கையை விட்டாள். ஜிப் மட்டும், "அப்ப முதுகுல ஒரு ஜிப் வச்சிடலாம்க்கா" என்றாள்.

அப்படித்தான் ஆயிற்று. பலகை ஓரங்களில் துளை போட்டு, மூலைக்கு மூலை துணிப்பட்டை கொடுத்து, கான்வாஸ் நூலால் தைத்தார்கள். ஆடாமல் இருக்க அங்கங்கே பஞ்சு வைத்தார்கள். முதுகில் கழுத்திலிருந்து இடுப்பு வரை ஒரு நீளமான ஜிப், ஜிப்பே வைத்தது, நூல் பிடித்த மாதிரி நேராக. மற்ற இரண்டு ரோபோவும் கச்சிதமாக நின்றபோது இது மட்டும் கன்னமும் தொப்பையுமாக நின்றது. குண்டு என்று பெயர் வைத்தார்கள்.

தேர்வு நாளில் குண்டுவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார்கள். பள்ளத்தில் எல்லாம் ஏறி இறங்குகிற பஸ். தேர்வு நடத்த வந்தவர் லிஃப்ட் கம்பெனியில் இன்ஜினியராக இருக்கிற ஓர் அம்மா. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். கையில் இரும்பு ஸ்கேல், சிரிப்பு கிடையாது. வங்கிக்காரர்களின் ரோபோ வணக்கம் சொல்லி, நான் உங்கள் நண்பன் என்று சொல்லி, தலையை ஆட்டிக் காட்டியது. பிசகே இல்லை. மாணவர்களுடையதும் ஓடியது.

அடுத்தது குண்டு. அந்த அம்மா நான்கு பக்கமும் ஸ்கேலை வைத்து அளந்தார். நான்கு தடவையும் எதையோ எழுதினார். "ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

பட்டன் குண்டுவின் கையைப் பிடித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. விட்டுவிட்டு மறுபடி பிடித்தாள். குண்டு கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. சார் கண்ணை மூடிக்கொண்டார். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்த" என்று ஜிப் பல்லைக் கடித்தாள். பட்டன் காலரைப் பார்த்த பார்வையில், நான் அன்றைக்கே சொன்னேனே அண்ணி என்பது முழுவதும் இருந்தது.

காலர் முன்னால் வந்தாள். சுவிட்சை அணைத்தாள். ஜிப்பை இழுத்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். அவள் உள்ளே குனிந்து பார்க்கவே இல்லை. அடிநூல் பாபின் மாற்றும்போது யார்தான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கிறார்கள்? கண் அந்த இன்ஜினியர் அம்மாவின் முகத்தில் இருந்தது, விரல் வயர் வயராகத் தடவிக்கொண்டு போயிற்று. இது பேட்டரி, சரி. இது கழுத்து, சரி. இதோ, தொடுகிற வில்லையின் பிளக், பஸ் குலுக்கலில் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. அழுத்தினாள். டிக்கென்றது. கையை எடுத்து ஜிப்பை மூடி சுவிட்சைப் போட்டாள். மொத்தமும் ஒரு நிமிடம் ஆகவில்லை.

பட்டன் குண்டுவின் கையைப் பிடித்தாள். இன்னொரு கை மெல்ல உயர்ந்தது. 'கை வலிக்குதா?' என்று கேட்டது குண்டு. 'கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு.'

எழுதிக்கொண்டிருந்த அந்த அம்மா தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகுதான் பேனாவை வைத்தார்.

"இந்த அரை இஞ்ச் ஏன்?"

ஜிப் ஏதோ அள்ளிவிட வாயைத் திறந்தாள். காலர் அவள் காலை மிதித்தாள். "முதல்ல தப்பா வந்ததுங்க. துணின்னு நெனச்சு வெட்டிட்டோம். அப்புறம் உள்ள கை போகுதுன்னு தெரிஞ்சு, வேணும்னே விட்டது."

அந்த அம்மா எழுந்து வந்து ஜிப்பைத் திறந்து தன் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் துழாவினார். "வரைபடத்துல இல்ல. இருபது மார்க் கழிக்கிறேன்" என்றார்.

"கழிச்சுக்கோங்க" என்றாள் காலர்.

தேற ஐம்பது வேண்டும், ஐம்பத்தெட்டு வந்தது. மூன்று குழுவில் அதுதான் கடைசி. பட்டன் சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகுதான் அழுதாள், அதுவரை அடக்கி வைத்திருந்தாள் போல.

திங்கட்கிழமை காலர் சான்றிதழையும் குண்டுவையும் மேனேஜர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்தாள். மேனேஜர் குண்டுவைத் தொடவில்லை.

"பொம்மை செஞ்சதுக்கா சர்டிபிகேட் குடுக்கிறாங்க?"

"நீங்கதான் சார் கொண்டா பாக்கலாம்னீங்க."

"பாத்தாச்சும்மா. ஆனா அந்த வேலைக்குப் போன வாரமே ஆள் போட்டாச்சே. நம்ம மெக்கானிக்கோட மச்சான்."

"அவர்கிட்ட என்ன சர்டிபிகேட் சார் இருக்கு?"

"அவன் வேலையில கத்துக்குவான்" என்றார் மேனேஜர், கோப்பைப் பார்த்துக்கொண்டே.

காலருக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது, காது வரைக்கும் சூடாக. குண்டுவைத் தூக்கிக்கொண்டு வந்து தன் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் உட்கார வைத்தாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் ஒவ்வொருத்தியாக வந்து அதன் கையைப் பிடித்தார்கள். ஒவ்வொருத்தியையும் அது கேட்டது. சின்ன பாக்கெட் மட்டும் இரண்டு தடவை வந்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் காலரின் மெஷின் நின்றது. மிதித்தாள், ஓடவில்லை. பழக்கதோஷம், கை தானாகத் தூக்கிக்கொண்டது. காது உயரம் வந்ததும் அதைப் பார்த்தாள். இறக்கினாள்.

சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கினாள். பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். மேஜைக்கு அடியில் மோட்டார் பெட்டிக்கு நான்கு ஸ்க்ரூ. சுற்றியிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. காலர் தரையில் ஒருக்களித்து உட்கார்ந்தாள், பின்வரிசைக்கும் தெரிகிற மாதிரி. மூடியை எடுத்தாள். மிதியிலிருந்து வருகிற வயரின் பிளக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றுமில்லை. பதினோரு வருடத்தில் எல்லாத் தடவையும் இதுவாகவே இருந்திருக்காதுதான். ஆனால் எத்தனை தடவை வெறும் இதுவாக இருந்திருக்கும்? எத்தனை தடவை அந்த முதுகுக்குப் பின்னால் இதற்காகக் கையைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறாள்? அழுத்தினாள். டிக்கென்றது. எழுந்து கரண்டைக் கொடுத்து மிதித்ததும் மெஷின் ஓடியது.

மெக்கானிக் ஓடி வந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தார்கள். பின்னால் மச்சான், வாயைப் பிளந்துகொண்டு.

"யாரக் கேட்டு இதுல கை வச்ச?"

"மெஷின் நின்னுச்சு."

"நின்னா கையத் தூக்கணும். நான் வருவேன்."

"இனிமே தூக்க மாட்டேன்."

"மேனேஜர்கிட்ட சொல்றேன் பாரு."

"சொல்லுங்க. யாருன்னு கேட்டா காலர்னு சொல்லுங்க."

மெக்கானிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் நான்காவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. சின்ன பாக்கெட். அவள் மெஷின் நின்றிருந்தது. மெக்கானிக் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வேலை தெரிந்தவன் யார் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்பதுபோல, மச்சானையும் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார்.

சின்ன பாக்கெட் கையை இறக்காமலே தலையை ஆட்டினாள்.

"உங்கள இல்லண்ணே" என்றாள். "காலர் அக்காவ."

காலர் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.